ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சி: வெயிட்டை எப்போது கூட்டணும்? எவ்வளவு கூட்டணும்?

முட்டி ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சியும் விடாமல் நடக்கும். ஆனாலும் திருநின்றவூர் ஸ்டேஷனில் படி ஏறும்போது கால் நடுங்கும். பலருக்கு இதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் வாரம் கட்டிய அதே அரை கிலோ மணல் பைதான் இன்னும் காலில் இருக்கும்!

ஏன் கூட்டணும்?

தூக்கும் பாரத்துக்குத் தகுந்த அளவுதான் தசை வலுவாகும். பாரம் கூடாவிட்டால், வலுவும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இதைச் சிகிச்சை முறையாக வகுத்தவர் அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போர் காலத்தில், சிகாகோ ராணுவ மருத்துவமனையில், முட்டியில் அடிபட்ட வீரர்களை வெயிட் தூக்க வைத்தே தேற்றினார். 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

கணக்கு என்ன?

சரியாக 10 முறை மட்டும் தூக்க முடிகிற வெயிட் எது என்று முதலில் பார்க்கணும். அது 4 கிலோ என்றால், முதல் சுற்று 2 கிலோ, அடுத்து 3 கிலோ, கடைசியில் 4 கிலோ. ஒவ்வொன்றும் 10 முறை. அவ்ளோதான்.

எப்போது கூட்டலாம்?

தொடர்ந்து இரண்டு நாள் பயிற்சியில், சொன்ன எண்ணிக்கையைவிட 2 முறை கூடுதலாகத் தூக்க முடிந்தால் கூட்டலாம். அதுவும் 2 முதல் 10 சதவீதம் வரைதான். 4 கிலோவுக்கு அதிகபட்சம் 400 கிராம். வீட்டில் வெயிட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கிட்டத்தட்ட ஒரு கிலோ. தண்ணீரைக் கூட்டிக் குறைத்தே அளவை மாற்றலாம்.

எப்போது நிறுத்தணும்?

மறுநாள் தசையில் லேசான வலி இருந்தால் பயப்பட வேண்டாம். மூட்டு வீங்கினாலோ, சுருக்கென்று குத்தினாலோ நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. எலும்பு கூடாதவர்கள், தசைநார் தைத்தவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் வெயிட்டைத் தொடவே கூடாது.

யாரைக் கேட்பது?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அருகில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். கம்பெனியில் லோடு தூக்கும் வேலைக்குத் திரும்புகிறவர்கள், அந்த எடை எவ்வளவு என்பதை பிசியோதெரபிஸ்ட்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பயிற்சி போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.