ஸ்டெம் செல் போட்டா மார்பகப் புற்று போயிடுமா? ஒரு பழைய கதை

1/
"டாக்டர், ஸ்டெம் செல் ஏத்துனா மார்பகப் புற்றுநோய் குணமாகிடுமாமே? நிலத்தை வித்தாவது அம்மாவுக்குப் பண்ணிடலாம்னு இருக்கோம்."

இப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரலாறு இது. கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

2/
கீமோதெரபி, வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்லும். புற்றுநோய் செல்லோடு சேர்ந்து, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கும் எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். அதனால் டோஸை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது.

3/
1980களில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். நோயாளியின் மஜ்ஜையை முன்பே எடுத்து உறைய வைப்பது, பல மடங்கு டோஸில் கீமோ கொடுப்பது, பிறகு எடுத்ததைத் திரும்ப ஏற்றுவது.

கவனிங்க, இதில் புற்றைக் கொல்வது மருந்துதான். ஸ்டெம் செல் வேலை, மஜ்ஜையைக் காப்பாற்றுவது மட்டுமே.

4/
ஆரம்ப முடிவுகள் பிரமாதமாக இருந்தன. ஆனால் அவ்வளவு கடுமையான சிகிச்சையைத் தாங்கும் தெம்புள்ளவர்களைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வழக்கமான கீமோவிலும் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத்தான் இருந்திருப்பார்கள். நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அப்போது இல்லை.

5/
காப்பீட்டு நிறுவனங்கள் "இது இன்னும் பரிசோதனைதான்" என்று பணம் தர மறுத்தன. வழக்குகள் குவிந்தன. 1993இல் கலிஃபோர்னியாவில், இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 89 மில்லியன் டாலர் தரச் சொன்னது ஜூரி. அதன்பின் சிகிச்சை வேகமாகப் பரவியது. ஆய்வில் சேரத்தான் ஆள் கிடைக்கவில்லை. சாதாரண கீமோ பிரிவில் விழுந்துவிட்டால்? அந்தப் பயம் நியாயம்தானே!

6/
1999இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் மாநாட்டில் ஐந்து ஆய்வுகளின் முடிவு வந்தது. நான்கில் சொல்லும்படியான பலன் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கின் வெர்னர் பெஸ்வோடா செய்த ஆய்வு மட்டும் "பலன் உண்டு" என்றது.

7/
2000இல் ஒரு அமெரிக்கக் குழு அங்கேயே போய் ஆவணங்களைச் சரிபார்த்தது. பலருடைய பதிவுகளே இல்லை. தவறான தகவல் தந்ததை பெஸ்வோடா ஒப்புக்கொண்டார், பதவியும் போனது.

அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியவர்களில் 3 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள்: ஸ்டெம் செல் பிரிவில் 32%, வழக்கமான கீமோவில் 38%. ஆயுள் கூடவில்லை. அதற்குள் பல்லாயிரம் பெண்கள் அந்த வேதனையைக் கடந்துவிட்டார்கள். சிலர் சிகிச்சையாலேயே இறந்தும் போனார்கள்.

8/
2003இல் கதை திரும்பியது. மார்பகப் புற்றுக்கட்டிக்குள்ளேயே ஸ்டெம் செல் போன்ற ஒரு சிறு கூட்டம் இருக்கிறது, கட்டியைத் திரும்ப வளர்ப்பது அதுதான் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். இங்கே ஸ்டெம் செல் மருந்து இல்லை, எதிரி! அதை அழிக்கும் வழியைத் தேடும் ஆய்வுகள் தொடர்கின்றன.

9/
ரத்தப் புற்றுநோய் சிலவற்றுக்கும் தலசீமியாவுக்கும் ஸ்டெம் செல் மாற்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. மார்பகப் புற்றுக்கு அப்படி இல்லை. யாராவது பணம் கேட்டால் ஒரே கேள்வி கேளுங்க: "வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தீங்களா? முடிவு எங்கே?"

பதில் வரலைன்னா நிலத்தை விக்காதீங்க. அம்மாவை முறையான புற்றுநோய் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.