உலோகமறி கருவியின் சமிக்ஞைகள்: ஏரியூர் வட்டாரத்தை முன்வைத்து

நிலத்தினுள் மறைந்து கிடக்கும் உலோகப் பொருளின் மேலாகக் கருவியின் வட்டை வீசிச் செல்லுங்கால் காதில் விழும் ஒலியையும், திரையில் தோன்றும் எண்ணையும், அவ்விரண்டும் நிலைத்து நிற்கின்றனவா அலைபாய்கின்றனவா என்பதையும் சீர்தூக்கி, கிடப்பது எத்தகைய உலோகம், எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று தோண்டுவதற்கு முன்னரே ஊகித்துக்கொள்வது சமிக்ஞைகளைப் பகுத்தறிதல் எனப்படும். தருக்க சாஸ்திரத்தின் பரிபாஷையில் சொல்வதானால் இது பிரத்தியட்சம் அன்று, அனுமானம். மலையிலே புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பவனுக்கு மூடுபனியும் புகையாகத் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கை இங்கும் முழுமையாகப் பொருந்தும். மெட்டல் டிடெக்டர் என்று மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட இச்சாதனம் ஒரு மின்காந்த விளைவை அளந்து கூறுவதோடு நின்றுவிடுகிறது; அதற்குப் பெயரிடும் பொறுப்பு கருவியைப் பிடித்திருப்பவனுடையது.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த ஏரியூர்ப் பிரதேசம் இவ்விஷயத்தை விளக்குவதற்கு மிகவும் ஏற்ற நிலமாகும். அதன் மேற்கே நாகமரை, ஒட்டனூர் முதலிய ஊர்களின் ஓரமாக மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவெய்திய அவ்வணை 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கியபோது காவிரிக் கரையிலிருந்த கிராமங்கள் பல நீருள் ஆழ்ந்தன. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டுவது இப்பக்கத்தார் அனைவரும் அறிந்த காட்சி. ஒருபுறம் மனிதர் குடியிருந்து நீங்கிய நிலம், மற்றொருபுறம் இரும்புச் சத்து மிகுந்த பாறையும் செம்மண்ணும், இவை இரண்டுக்கும் அடியில் மிகத் தொன்மையான இரும்பு நாகரிகத்தின் எச்சங்கள் என மூன்று அடுக்குகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளமையால், ஒரே ஒலிக்கு மூன்று விதமான வியாக்கியானம் கூற இடமுண்டாகிறது.

கருவியின் இயக்கம் மின்காந்தத் தூண்டல் என்ற தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. வட்டுக்குள் அமைந்த கம்பிச்சுருளின் வழியே மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப்புலம் நிலத்தினுள் இறங்குகிறது. அப்புலத்தில் அகப்பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை தாமும் ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, அதனை இரண்டாவது சுருள் ஏற்றுக்கொள்கிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் இடையே உள்ள காலத் தாமதத்தைக் கட்ட வேறுபாடு என்பர். மின்சாரத்தை எளிதில் கடத்தும் தடித்த செம்பிலும் வெள்ளியிலும் சுழல் மின்னோட்டம் விரைவில் அடங்குவதில்லையாதலால் தாமதம் மிகுதி. மெல்லிய தகட்டிலும் சிறு நகையிலும் அது குறைவு. இரும்போ, சுழல் மின்னோட்டத்தைத் தோற்றுவிப்பதோடு தானே காந்தமயமாகிப் புலத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால், இவ்விரண்டினின்றும் வேறான ஒரு குறியைக் காட்டுகிறது. இன்று பெருவாரியாக வழங்கும் கருவிகள் ஏறத்தாழ 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் வேலை செய்து, இத்தாமதத்தையே ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகின்றன.

அவ்வெண்ணை வேதவாக்காகக் கொள்பவர் ஏமாறுவது திண்ணம். ஏனெனில் அதில் உலோகத்தின் குணம் மட்டுமன்றி, பொருளின் பருமனும் வடிவமும் கிடக்கும் கோணமும் ஒருங்கே கலந்துள்ளன. சிறிய தங்க மூக்குத்தியும், பாக்குப் பொட்டலத்தின் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுவதுண்டு. ஆகவே குப்பையென்று தாளை விலக்கும்படி கருவியைப் பணித்தவன் மூக்குத்தியையும் உடன் விலக்கிவிடுகிறான். சோடாப் புட்டியின் இரும்பு மூடி தட்டையாகவும் வட்டமாகவும் இருக்கும் காரணத்தால் இரும்பின் குறியை விட்டு மேலேறி நல்ல நாணயம்போல் ஒலிக்கும். நாணயங்களிடையேயும் வினோதமான பேதங்கள் உள. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி கொண்டிருந்தமையால், அளவையின் மேற்கோடியில் தெளிவாக ஒலிக்கும். 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இன் ரூபாய் நிக்கலால் ஆனது, நிக்கலோ காந்தம் கவ்வும் உலோகம். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் துருவேறா எஃகினாலானது. பேரனுக்கும் பாட்டனுக்கும் பெயர் ஒன்றாயினும் கருவியின் காதுக்கு அவர்கள் வெவ்வேறு குலத்தவர்.

தேர்ந்த கைகள் எண்ணைவிட ஒலியின் நடத்தையையே நம்புகின்றன. இடமிருந்து வலமாக வீசினும் வலமிருந்து இடமாக வீசினும் ஒரே இடத்தில், ஒரே தொனியில், ஓரங்கள் திட்டமாக எழுந்து அடங்கும் ஒலி, உருண்டையாகவோ வட்டமாகவோ உள்ள நல்லுலோகத்துக்குப் பெரும்பாலும் அடையாளம். ஒரு திசையில் இனிமையாக ஒலித்து மறு திசையில் முறிந்துபோவது இரும்பின் லட்சணம். மாட்டு லாடத்தின் ஆணி போன்ற நீண்ட இரும்புத் துண்டு குறுக்காகக் கிடந்தால் ஒரே வீச்சில் இரண்டு ஒலிகள் கேட்கும். ஆள் தொண்ணூறு பாகை சுற்றி நின்று மீண்டும் வீசினால் அவ்விரண்டும் ஒன்றாகிவிடும் அல்லது முற்றிலும் மறையும். செங்குத்தாக நிற்கும் நாணயமும் இவ்வாறே இரட்டை ஒலி தருமாதலின், சுற்றி வந்து கேளாமல் தீர்ப்புக் கூறுவது தவறு. வட்டை நிலத்தினின்று ஒரு முழம் உயர்த்திய பிறகும் ஒலி குன்றாதிருந்தால் கீழே கிடப்பது பெரும்பாலும் கலப்பையின் கொழுவோ ஆழ்துளைக் கிணற்றின் குழாய்த் துண்டோ என்று கொண்டு அப்பால் நகரலாம். தேக்கத்தின் கரையில் இவற்றோடு, மீன் வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டுகளும் சேர்ந்துகொள்ளும். அவற்றின் ஒலி சுத்தமானது, எண்ணும் நிலையானது, ஆகவே புதியவனை வெகுநேரம் குனிய வைப்பவை அவையே.

ஆழத்தைப் பற்றிய பிரமைகள் அளவற்றவை. சிறு பொருளிலிருந்து வரும் சமிக்ஞை, சுருளின் அகலத்தைக் கடந்த தூரங்களில், தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. புலம் கீழே செல்லும்போது மூன்று அடுக்கும் மேலே திரும்பும்போது மூன்று அடுக்கும் தேய்வதே இதற்குக் காரணம். ஆகவே தூரம் இரட்டித்தால் சமிக்ஞை அறுபத்து நான்கில் ஒன்றாகச் சுருங்கும். சாதாரணக் கருவி தனி நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் காண்பதே பெரிது. பத்தடி ஆழத்துப் பொற்குடத்தைக் காட்டித் தருவதாக விற்கப்படும் யந்திரங்கள், முன்னொரு காலத்தில் வெற்றிலையில் மை தடவிப் புதையல் பார்த்தவர்களின் வாரிசுகள் என்றே கருதத்தக்கவை.

நிலத்தின் இயல்பு மற்றோர் இடர். சேலம் தருமபுரிப் பகுதிகளில் கஞ்சமலை, தீர்த்தமலை ஆகியவை மாக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாதுவுக்குப் பெயர் பெற்றவை. இத்தாதுவின் நுண்துகள் ஓடைகளில் கருமணலாகவும் வயல்களில் செம்மண்ணோடு கலந்தும் பரவியிருப்பதனால், உலோகமே இல்லாத இடத்திலும் கருவி முணுமுணுக்கும். இதனை அடக்குதற்கு நிலச் சமன் செய்தல் என்றொரு முறை உண்டு. உலோகம் இல்லையென்று உறுதிப்படுத்திய ஓரிடத்தில் வட்டை மேலும் கீழுமாக அசைத்து, ஒலி எழாத நிலைக்குக் கருவியைத் திருத்திக்கொள்வர். செம்மண் மேட்டில் செய்த சமன் நீர்த்தேக்கத்தின் வண்டல் படுகைக்கு உதவாது. நிலம் மாறுந்தோறும் அதனைப் புதுப்பித்தல் அவசியம். சுற்றியுள்ள மண்ணைவிடக் காந்தத் தன்மை மிகுந்த தனிக்கல் ஒன்று கிடந்தால் அதுவும் பொருள்போல் ஒலிக்கும். துடிப்பு முறைக் கருவிகள், மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்திய பின் உலோகத்தில் எஞ்சும் சுழல் மின்னோட்டம் தேய்வதை மட்டும் அளப்பதால், இத்தகைய மண்ணைப் பொருட்படுத்தா. ஆயினும் இரும்பையும் பிறவற்றையும் வேறு பிரிப்பதில் அவை வலிமை குன்றியவை.

இங்கேதான் ஏரியூர் வட்டாரம் பொதுவிதிக்கு மாறுபட்டு நிற்கிறது. பிற நாடுகளில் எழுதப்பெற்ற கையேடுகள் யாவும் இரும்பை விலக்கும்படி உபதேசிக்கின்றன. அவ்வுபதேசத்தைக் கொங்கு, தகடூர் நிலத்தில் கண்மூடிப் பின்பற்றுபவர் விலக்குவது எதை என்பதைச் சற்றே சிந்திக்க வேண்டும். மேட்டூரை அடுத்த மாங்காடு, தெலுங்கனூர் ஈமக்காடுகளில் கிடைத்த இரும்பு வாள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை எனக் கணிக்கப்பட்டுள்ளன; அவற்றுள் தெலுங்கனூர் வாள் கரி மிகுந்த உயர்தர எஃகினாலானது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசையா ஹீத் பறங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலை சேலத்துத் தாதுவை நம்பி எழுந்ததும் இம்மரபின் பிற்காலத் தொடர்ச்சியே. இந்நிலத்தின் உண்மையான நிதி பொன் அன்று, இரும்பு. உலையிலிருந்து வழிந்து இறுகிய சிட்டம் கருவியில் கரகரத்து ஒலிக்கும். முற்றிலும் துருவேறிய வாளில் உலோகமே எஞ்சாது போய்விடுவதால் மிக நலிந்த, நிலையற்ற, எண்ணே தோன்றாத ஒரு முனகல் மட்டும் கேட்கும். பொன்னாசை பிடித்தவன் முதலில் தள்ளும் ஒலி அதுதான். சரித்திர ஆராய்ச்சியாளன் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய ஒலியும் அதுவே.

எந்த ஒலியையும் விலக்காது பதிந்துகொள்வதன் பயனை அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் நன்கு மெய்ப்பித்தது. 1876-இல் போர் நிகழ்ந்த அப்புல்வெளியில் 1983-இல் தீ பரவித் தரை வெளிப்பட்டபின், டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகிய தொல்லியலாளர்கள் தன்னார்வலரை வரிசையாக நிறுத்திக் கருவிகளோடு நடக்கச் செய்து, கிடைத்த ஒவ்வொரு தோட்டாவின் இடத்தையும் கிடந்த திசையையும் வரைபடத்தில் ஏற்றினர். அதனால் படைகள் நகர்ந்த போக்கே புலனாயிற்று. தனிப்பட்ட ஒலி சொல்லாததை ஒலிகளின் பரவல் சொன்னது.

வியாக்கியானம் பிழைத்தால் விளையும் கேட்டுக்கு மருத்துவ சரித்திரத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1881 ஜூலையில் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடத் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் சமனியொன்றைக் கொண்டுவந்தார். படுக்கையினடியில் இருந்த எஃகுச் சுருள்கள் ஒலியைக் குழப்பின. வைத்தியர் வலப்புறத்தை மட்டுமே தேட இடங்கொடுத்தார். குண்டோ இடப்புறத்தில் இருந்தது. செப்டம்பரில் ஜனாதிபதி உயிர் துறந்தார்.

உயிரையே பணயமாக வைத்துச் சமிக்ஞையைக் கேட்பவர்கள் நமக்கு மிக அண்மையில், இலங்கையின் வட, கிழக்கு மாகாணங்களில் உள்ளனர். உள்நாட்டுப் போரின்போது புதைக்கப்பட்ட மிதிவெடிகளை ஹாலோ டிரஸ்ட், மாக் முதலிய நிறுவனங்கள் 2002 முதல் அகற்றி வருகின்றன. அப்பணியாளரில் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள் பலர். பாகிஸ்தானின் பி-4 போன்ற மிதிவெடிகள் பெரும்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றிலுள்ள உலோகம் மிகச் சிறிது. ஆகையால் அங்கே உலோகத்தை வகை பிரித்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் சோதனைத் துண்டொன்றைக் கொண்டு கருவியைச் சரிபார்த்தபின், எழும் ஒலி ஒவ்வொன்றும் வெடியே என்று வைத்துக்கொண்டு, அதன் மையத்தைக் குறித்து, ஓரத்திலிருந்து மண்ணை மெல்ல அகழ்ந்து நெருங்குவர். உலோகத் துணுக்குகள் நிறைந்து ஓயாமல் ஒலிக்கும் இடங்களில் கருவியைக் கைவிட்டு, நீண்ட பிடியுள்ள வாரிகளால் மண்ணை அடுக்கடுக்காகச் சீவும் முறை இலங்கையிலேயே உருவாக்கப்பட்டது. கருவி பேசாமலிருக்க வேண்டிய இடம் எது என்பதை அறிவதும் இச்சாஸ்திரத்தின் பகுதியே என்பதை அவ்வாரிகள் காட்டுகின்றன.

சட்டத்தின் நிலையையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றி அகழ்தல் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மற்றைய இடங்களில் கிடைப்பதற்கு 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், தேதி ஆகியவற்றை எழுத்து மூலமாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். உரிமையாளர் இல்லாதது என்று முடிவாயின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கண்டவருக்கு முக்கால் பங்கும் நில உடைமையாளருக்குக் கால் பங்கும் சேரும். அரசாங்கம் அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால் மூலப்பொருளின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். இச்சட்டமும் கருவியைப் போலவே பொன்னையும் வெள்ளியையும் மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. பழைய இரும்பாக நிறுத்தால் பத்து ரூபாயும் பெறாத வாள் துண்டை அது கண்டுகொள்ளாமல் விடக்கூடும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ விலையை விட்டு வயதை அளவுகோலாகக் கொள்கிறது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைப்பொருளோ சரித்திர மதிப்புள்ள பொருளோ, துருப்பிடித்த இரும்பாயினும், அதன்படி தொல்பொருளே ஆகும்.