இனிஷியலுக்கு இடமில்லாத படிவம்

1995-இல் எச்.டி.எம்.எல். 2.0 தரத்தில் படிவங்களும் இடம்பெற்றன. நிரப்பி அனுப்பிய விவரத்தைப் பிரித்தெடுக்க நிரல் வேணும். 1999-இல் சன் நிறுவனத்தின் ஜே.எஸ்.பி. வந்தது. ‘ஜாவா பீன்’ என்ற நிரல்துண்டை ஒருதரம் எழுதினால் போதும். கட்டத்தின் பெயரும் பீனிலுள்ள பெயரும் ஒத்திருந்தால், ஒரே வரியில் விவரமெல்லாம் தானே போய் உட்காரும். எத்தனை பக்கத்துக்கும் அதே பீன்தான்.

என்னைப் போன்ற பொறியாளர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் இட்லித்தட்டில் குழி எப்படியோ, இட்லியும் அப்படித்தானே? முதற்பெயர், குடும்பப்பெயர் என்று மேல்நாட்டு வழக்கத்துக்குச் செய்ததை அப்படியே எடுத்துப்போட்டால், அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நம்ம திருவண்ணாமலைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சான்றிதழில் ஒரு பெயர், விண்ணப்பத்தில் வேறு பெயர் என்றாகிவிடும்.

தம்பி தங்கைகளே, பிறர் செய்ததைத் தாராளமாக எடுத்தாளுங்கள். முதலில் உங்கள் பெயரை அதில் எழுதிப் பாருங்கள்.