இலைக்குமுன் பூக்கும் மரம் எது?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சில வாரங்கள் மழையின்றி வெயில் காய்ந்து, அதன்பின் நன்மழை ஒன்று பெய்யுமாயின், சாலையோரங்களில் கண்ணைக் கவரும் காட்சி ஒன்று தோன்றும். இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நின்ற மரங்கள் இளஞ்சிவப்பு மலர்களால் தம்மைப் போர்த்திக்கொள்ளும். வழிப்போக்கர் நின்று நோக்குவர்; படம் எடுப்பர்; "சக்குரா பூத்துவிட்டது" என்று மகிழ்வர். மாணவர்களின் கட்டுரை ஏடுகளிலும் சக்குரா என்ற பெயரே இடம்பெறுகின்றது. அம்மரம் உண்மையில் சக்குராதானா? அன்றெனில், அது எது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது தாவரவியலார்க்கு மட்டும் உரிய பணியன்று. மரத்தின் பெயரை ஆராயப் புகுவோர் இம்மண்ணின் வரலாற்றையும் காண்பர்.

சக்குரா என்பது சப்பானியர் போற்றும் செர்ரி மரம். அதன் மொட்டுகள் உறக்கம் நீங்கி விரிவதற்குக் குளிர்காலத்தின் தண்மை இன்றியமையாதது. நிலநடுக்கோட்டை அடுத்துள்ள நம் தாழ்நிலங்களில் அத்தகைய குளிருக்கு இடமில்லை. சப்பானில் இன்று பெரிதும் காணப்படும் சோமெய்-யோசினோ என்னும் வகை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடெங்கும் பரவியது. இலை தோன்றுமுன் கிளை முழுதும் பூப்பது அதன் சிறப்பு. இவ்வொரு பண்பினைக் கொண்டே, ஈண்டு வெறுங்கிளையில் பூக்கும் மரங்களுக்கும் மக்கள் அப்பெயரைச் சூட்டினர். ஒப்புமை பற்றி வந்த பெயர் அது. உண்மை பற்றி வந்ததன்று.

அவ்வாறாயின் நாம் காணும் மரம் எது? இவ்விடத்தில்தான் இரண்டாவது மயக்கம் நேர்கின்றது. நம் சாலைகளில் சக்குரா என்று சுட்டப்படுவன ஒரு மரமல்ல. முதன்மையாக இரண்டு மரங்கள். ஒன்று தபெபுயா ரோசியா, மற்றொன்று மெம்பாட். தொலைவில் நின்று நிறத்தை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றே. அருகே சென்று நோக்குவோர்க்கு இரண்டும் உறவற்ற வேறு வேறு குடும்பத்தவை.

தபெபுயாவின் மலர் எக்காளம் போன்ற குழல் வடிவினது; தொண்டையில் மஞ்சள் நிறம் படிந்திருக்கும். அது முழுமலராகவே உதிர்வதால் மரத்தடியில் குழல் குழலாகக் கிடக்கும். மெம்பாட்டின் மலரோ சிறியது. ஐந்து தனித்தனி இதழ்களை உடையது. செர்ரி மலரை உண்மையிலேயே நினைவூட்டுவது. ஆயினும் மலரை மட்டும் நம்புதல் தகாது. பூ சில நாள்களில் மறைந்துவிடும். இலையும் காயும் எஞ்சி நின்று சான்று கூறும். தபெபுயாவின் இலை, விரித்த கைவிரல்கள்போல் ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மெம்பாட்டுக்குப் பிரிவுறாத தனியிலைகள் எதிரெதிராக அமையும்; பூவோடு செந்தளிரும் தோன்றும். தபெபுயாவின் காய் ஓர் அடி அளவும் நீளக்கூடிய மெல்லிய நெற்று. மெம்பாட்டின் காய் விரல்நுனி அளவேயானது. மெம்பாட்டின் அடிமரத்தில் முட்கள் காணப்படுவதும் உண்டு. எனவே, பூத்த நாளில் ஐயம் தோன்றினால், தளிர்த்த பின்னர் மீண்டும் அம்மரத்தடிக்குச் செல்க. ஐயம் தானே நீங்கும்.

இனி, இவ்விரு மரங்களின் வரலாற்றைக் காண்போம்.

தபெபுயா அமெரிக்கக் கண்டத்து மரம். மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடபகுதி வரை அதன் தாயகம். எல் சால்வடோர் நாட்டின் தேசிய மரமும் அதுவே. அழகுக்காக வெப்பநாடுகள் பலவற்றிலும் நடப்பெற்று, நம் நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. மலேசியாவில் பலர் அதனைத் தெக்கோமா என்று அழைப்பர். அப்பெயர் பொருளற்ற திரிபன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியலார் அம்மரத்தை முதலில் தெக்கோமா என்னும் இனத்தில் வைத்தே பெயரிட்டனர். பின்னரே தபெபுயா இனத்துக்கு மாற்றினர். நூலோர் கைவிட்ட பழம்பெயர் மக்கள் நாவில் இன்றும் வாழ்கின்றது. மொழியில் வழக்கொழிந்த சொல் ஒன்று நாட்டுப்புறத்தில் உயிரோடிருப்பதைக் கண்டு மகிழும் தமிழாசிரியர்க்கு இது வியப்பளிக்காது.

மெம்பாட் வந்தேறியன்று; இம்மண்ணின் மைந்தன். தென்கிழக்காசியக் காடுகளிலும் சிங்கப்பூரிலும் இயல்பாக வளர்வது. 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், மலேசியா உருவாவதற்கு மூன்று திங்கள் முன்பு, அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, ஃபேரர் சர்க்கஸ் என்னும் சாலைச் சந்திப்பில் மரம் ஒன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அம்மரம் மெம்பாட். 1967ஆம் ஆண்டில் தோட்ட நகரம் என்னும் குறிக்கோள் அறிவிக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டு நவம்பரில் மரம் நடும் நாள் தொடங்கப்பட்டது. இத்துணை முயற்சிக்கும் முதல் மரமாக நின்றது மெம்பாட் ஆகும். அது பூத்து நிற்கையில் அதனைச் சப்பானியப் பெயரால் அழைத்துக் கடந்து செல்வோமாயின், நாம் இழப்பது ஒரு பெயரை மட்டுமா? இம்மண்ணின் சொந்த அழகை அயலாருடையது என எண்ணி, ஒரு நாட்டின் பசுமை வரலாற்றின் முதற்பக்கத்தையும் அன்றோ மறந்துவிடுகிறோம்!

ஆண்டு முழுதும் மழை பெறும் நாட்டில் ஒரு மரம் ஏன் இலையை உதிர்த்துப் பூக்க வேண்டும்? தமிழர் பூமலை என்றழைத்த சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம், 1930களில் இங்குள்ள மரங்களின் இலையுதிர்வையும் பூப்பையும் தொடர்ந்து பதிவு செய்து ஆராய்ந்தார். வறட்சி நேர்கையில் இலையுதிர்க்கும் மரம் நீரிழப்பைக் குறைத்துக்கொள்கிறது. பின்னர்ப் பெய்யும் மழை மொட்டுகளை விழிக்கச் செய்கிறது. இலை மறைக்காத பூ, தேனீக்களுக்குத் தொலைவிலிருந்தே புலப்படும்.

இவ்வுண்மையின் ஒரு கூற்றை நம் முன்னோர் நூல் படியாமலேயே அறிந்திருந்தனர். 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகப் பூமலைக்கு வந்த ரப்பர் மரமும் தென்னமெரிக்கத்தைச் சேர்ந்ததே. அதுவும் ஆண்டுதோறும் இலையுதிர்ப்பதே. ஆண்டின் தொடக்கத்தில் தோட்டத்து மரங்கள் மொட்டையாய் நிற்பதையும், தளிர்க்கும் நாளில் பால் குறைவதையும், அதனால் வருமானம் சுருங்குவதையும் தோட்டப் பாட்டாளிகள் ஆண்டுதோறும் கண்டனர். இலையுதிர்வு அவர்களுக்குக் காட்சி இன்பமன்று, அடுப்பங்கரைக் கணக்கு.

தபெபுயாவுக்கும் தமிழிலக்கியத்துக்கும் தொலைவான உறவு ஒன்றுண்டு. அது நம் பாதிரி மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. குழல்வடிவ மலர், நீண்ட நெற்று, சிறகுடைய விதை ஆகியன இரண்டுக்கும் பொது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய மலர்களுள் பாதிரியும் ஒன்று. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த தலமரமும் அதுவே. வேனிலில் பூக்கும் பாதிரியை அகப்பொருள் இலக்கண நூலார் பாலைத் திணைக்குரிய பூக்களுள் வைத்தனர். வறட்சிக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். எனினும், உறவுண்டு என்பதனால் தபெபுயாவைப் பாதிரி என்றே அழைத்தல் பொருந்தாது. அவ்வாறு அழைத்தால், சக்குரா என்றவர் செய்த பிழையை நாமும் தமிழில் செய்தவராவோம்.

முருக்கையும் இலவையும் கோங்கையும் பாடநூலில் படிக்கும் நம் மாணவர், பள்ளி வாயிலில் பூத்திருக்கும் மரத்தின் பெயரை அறியாதிருத்தல் குறையே. ஆசிரியர் மாணவரை அம்மரத்தடிக்கு அழைத்துச் செல்லலாம். உதிர்ந்த மலரைக் கையில் கொடுத்து, குழலா, தனியிதழா என்று வினவலாம். இலை தளிர்க்கும்வரை காத்திருக்கச் செய்து, சிற்றிலைகளை எண்ணச் சொல்லலாம். நம் பாட்டன்மாரைப்போல் கடல் கடந்து வந்து ஈண்டு வேரூன்றிய மரம் ஒன்று. அவர்கள் வருமுன்பே இங்கு நின்ற மரம் மற்றொன்று. இரண்டையும் அவற்றின் பெயரால் அழைப்பதே இரண்டுக்கும் நாம் செய்யும் மரியாதையாகும்.