பொங்கலன்று கிடைத்த பட்டம்

2019 ஜனவரி 15. ஜொகூரில் நம் வீட்டு வாசல்களில் பொங்கல் பொங்கிய அதே நாளில், டெல்லி சர்வதேச ஓபன் செஸ் போட்டியின் 9ஆவது சுற்றில் டி.கே.சர்மாவை வென்றான் சென்னைச் சிறுவன் குகேஷ். கிராண்ட்மாஸ்டர் பட்டம் உறுதியானது. வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். அதைவிடச் சின்ன வயதில் அந்தப் பட்டத்தை எட்டியிருந்தவர் அன்றைக்கு ஒருவர்தான்: 2002இல் செர்கேய் கர்யாகின், சரியாக 12 வயது 7 மாதத்தில்.

அந்தப் 17 நாள் வித்தியாசம்தான் எங்கும் பேச்சாக இருந்தது. எனக்கென்னவோ, அவன் ஆடிய போட்டியின் வகைதான் பெரிதாகப் படுகிறது. அழைப்பின் பேரில் நடக்கும் போட்டிகளில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு யார் நாற்காலி போடுவார்கள்? ஓபனில் பெயர் கொடுத்துக் கட்டணம் கட்டினால் போதும். அங்கே சுவிஸ் முறை. சமப் புள்ளி எடுத்தவர்களை எதிரெதிரே உட்காரவைப்பார்கள். ஜெயிக்க ஜெயிக்க எதிராளி பெரிய ஆளாகிக்கொண்டே போவார். பட்டத்துக்குத் தரப்புள்ளி 2500ஐத் தொட்டாக வேண்டும். கூடவே மூன்று 'நார்ம்'. ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 9 சுற்று, 2600 தரத்து ஆட்டம், எதிராளிகளில் குறைந்தது மூன்று கிராண்ட்மாஸ்டர்கள்.

இதற்காக, காது மூக்குத் தொண்டை மருத்துவரான அப்பா ரஜினிகாந்த் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். வருமானம் அம்மா பத்மாவுடையது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கம்ப்யூட்டரைப் பக்கத்திலேயே விடவில்லை. பையனே யோசித்துப் பழகட்டும் என்று விட்டார்.

அந்தப் பழக்கத்தின் பலனை நம் பாலத்துக்கு அக்கரையிலேயே பார்த்தோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், செந்தோசா. உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டம். கறுப்புக் காய்களோடு குகேஷ். கையில் ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். டிராவில் முடிய வேண்டிய ஆட்டத்தை அவர் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். 55ஆவது நகர்த்தலில் எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். குகேஷின் முகம் மாறியது. யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் வெட்டிக்கொண்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். டிங் கை கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். 7.5–6.5 என்ற கணக்கில், 18 வயதில் உலகச் சாம்பியன்.

இந்தப் பாதையைச் சென்னையில் முதலில் வெட்டியவர் மேனுவல் ஆரோன். அவர் 1972இல் தொடங்கிய தால் செஸ் கிளப்புக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)