கோடு கிழித்தவர் யார்? - ரத்த அழுத்தம் பற்றிச் சில குறிப்புகள்

'உங்களுக்கு பிரஷர் இருக்கு' என்கிறார் டாக்டர். 'எனக்கு ஒண்ணும் பண்ணலையே' என்கிறாள் அம்மா. இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையிலான சண்டைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியைச் செய்தார். 1905இல் ரஷ்யரான கொரோட்காஃப், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு இரண்டு எண்களையும் கண்டறியும் முறையைச் சொன்னார். 'இங்க வலிக்குது' என்று ஒருவர் வாய் திறந்தால்தான் பெரும்பாலும் வைத்தியம் தொடங்கும் என்றிருந்த நிலை மாறி, உடம்பு தன் சொந்தக்காரரைக் கேட்காமலேயே பேச ஆரம்பித்தது.

அந்தப் பேச்சை மருத்துவர்களே உடனே நம்பிவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. வயதானால் அழுத்தம் கூடத்தான் செய்யும், அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று 1930களில் பெரிய பேராசிரியர்களே சொன்னார்கள். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108. குறைக்கத் தக்க மருந்து அன்று இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று அது 300/190ஐத் தொட்டது. மூளையில் ரத்தம் கசிந்து அன்றே செத்துப்போனார். மருந்துக் கம்பெனிகளைத் திட்டுகிற நம் தோழர்கள் (நானும்தான்) இந்தச் சாவைத் தாண்டிக் குதித்துப் போய்விடலாகாது.

1948இல் ஃப்ராமிங்காம் என்ற சிற்றூரில் 5209 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. நோய் என்பதன் பக்கத்தில் 'ஆபத்துக் காரணி' என்ற புதிய சொல்லாடல் முளைத்தது அங்கிருந்துதான். 1958இல் குளோரோதயசைடு மாத்திரை சந்தைக்கு வந்தது. 1967இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 143 பேரிடம் நடந்த சோதனை, கீழ் எண் 115க்கு மேல் போனவர்களை மாத்திரை காப்பாற்றுகிறது என்று ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது.

பிறகு கோடு இறங்கத் தொடங்கியது. 2017 நவம்பரில் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் அதை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கின. அந்நாட்டில் வயதுவந்தோரில் 32 சதவீதமாக இருந்த ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஒரே இரவில் 46 சதவீதமானார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. முந்தைய நாள் இருந்த அதே உடம்புதான். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரை வேண்டாம், உணவும் நடையும் போதும் என்று அந்த அறிக்கையே சொன்னது. ஆனால் 'நோயாளி' என்ற பெயர் விழுந்தது விழுந்ததுதான். ஐரோப்பிய அமைப்புகள் மறு ஆண்டு பழைய கோட்டிலேயே நின்றன. அட்லாண்டிக்கின் ஒரு கரையில் நோயாளி, மறுகரையில் இல்லை!

அப்படியானால் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு 'என் உடம்பு எனக்குத் தெரியாதா' என்று சொல்லிவிடலாமா? அமர்த்தியா சென் 2002இல் ஒரு மருத்துவ இதழில் இதற்குக் குறுக்கே ஒரு தகவலை வைத்தார். இந்தியாவில் நீண்ட ஆயுள் கொண்ட கேரளத்தில்தான் 'எனக்கு நோய் இருக்கிறது' என்று சொல்பவர்கள் மிக அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. அமெரிக்காவிலோ கேரளத்தைவிட அதிகம். படிப்பும் ஆஸ்பத்திரியும் எட்டாத இடத்தில் நோவு என்பது பிழைப்போடு சேர்ந்த ஒன்றாகிவிடுகிறது. அதற்குப் பெயர் வைக்கக்கூட ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

ஆக, 'ஒண்ணும் பண்ணலையே' என்ற அம்மாவின் சொல்லும் அவளுக்கு மட்டுமே சொந்தமான சொல் அல்ல. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்ல காரியம். என் அளவு என்ன, இந்த மாத்திரையால் எனக்கு எவ்வளவு ஆபத்து குறையும், கோடு எங்கே இருக்கிறது, அதை யார் போட்டார்கள் என்று அம்மா கேட்டதில்லை. நானும் அவளுக்குச் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை விரதத்தன்று மட்டும் மாத்திரைக்கு லீவு விடுகிறாள்.