ஒரு வரி தள்ளிப்போனால்: கீத் பேகர்லியின் வாசிப்பு

எண்ணைக் கண்டால் கும்பிட்டு ஒதுங்குவது ஒரு பழக்கம். எண் என்றாலே அதிகாரத்தின் சூழ்ச்சி என்று தூக்கியெறிவது இன்னொரு பழக்கம். நம் சூழலில் இவை இரண்டும்தான் செழித்திருக்கின்றன. ஃபூக்கோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு மருத்துவமனை பற்றி எவ்வளவோ பேசிவிட்டோம். ஆனால் அங்கே ஓர் ‘உண்மை’ எப்படிச் சமைக்கப்படுகிறது, எந்த வரியில் அது பொய்யாகிறது என்று உட்கார்ந்து வாசித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? அப்படி வாசித்த ஒருவரின் பணியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கீத் பேகர்லி மருத்துவர் அல்ல, புள்ளியியலாளர். ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, பின்னர் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்துக்கு வந்தார். அங்கே அவரோடு சேர்ந்துகொண்டவர் கெவின் கூம்ப்ஸ், கணிதம் படித்தவர். இவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடித்ததால் பேசப்பட்டவர்கள் அல்ல. மற்றவர்கள் கண்டுபிடித்ததாகச் சொன்னதை மறுபடி போட்டுப்பார்த்ததால் பேசப்பட்டவர்கள்.

முதல் சம்பவம் சினைப்பைப் புற்றுநோய் சம்பந்தப்பட்டது. ஒரு சொட்டு இரத்தத்திலுள்ள புரதங்களின் கோலத்தை வைத்தே இந்நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2002இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. முற்றிய பிறகே தெரியவரும் நோய் அது. பெண்களுக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கை! சந்தைக்கும் பரிசோதனை தயாரானது. பேகர்லி குழு அதன் தரவுகளை எடுத்து அலசியது. நோயுள்ளவர் இரத்தமும் நோயற்றவர் இரத்தமும் வேறுபட்டுத் தெரிந்ததற்கு நோய்தான் காரணம் என்று சொல்ல முடியவில்லை. மாதிரிகள் கையாளப்பட்ட விதத்திலும், கருவியில் ஓட்டப்பட்ட வரிசையிலும் இருந்த வேறுபாடே அப்படித் தெரிய வைத்திருக்கலாம் என்று 2004இல் எழுதினார்கள். அந்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை குறுக்கிட, பரிசோதனை சந்தைக்கு வராமல் நின்றது.

அடுத்தது இதைவிடப் பெரிது. வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் அனில் போட்டி, ஜோசப் நெவின்ஸ் குழு 2006இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் 60 வகைப் புற்றுநோய்ச் செல்கள் இருக்கின்றன. ஒரு மருந்துக்கு மசிகிற செல் எது, மசியாத செல் எது என்று பிரித்துக்கொண்டு, இரண்டிலும் மரபணுக்கள் இயங்கும் விதத்தை ஒப்பிட்டால் ஒரு ‘கையொப்பம்’ கிடைக்கும். நோயாளியின் கட்டியில் அந்தக் கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து, அவருக்கு எந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அவர்கள் வாதம் இதுதான். எம்.டி. ஆண்டர்சன் மருத்துவர்களுக்கு ஆசை வந்தது. நம்மிடமும் செய்ய முடியுமா, பாருங்களேன் என்று பேகர்லியிடமும் கூம்ப்ஸிடமும் கேட்டார்கள்.

செய்ய முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கண்டுபிடிக்க ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் போனது. கட்டுரையில் வழிமுறை முழுதாகச் சொல்லப்படவில்லை. வெளியிட்ட முடிவுகளிலிருந்து பின்னோக்கி நடந்துபோய், இவர்கள் என்னதான் செய்திருப்பார்கள் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘தடயவியல் உயிர்த்தகவலியல்’. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது புதிய வேலையாகத் தோன்றவில்லை. ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியன் செய்வதும் இதுதானே? பெயர்த்தெழுதியவன் கண் எந்த இடத்தில் ஒரு வரி தாண்டியது, எந்தச் சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பிழையிலிருந்து பிழையின் காரணத்துக்குப் போவது.

கிடைத்தவையும் அதே மாதிரிப் பிழைகள்தான். மரபணுப் பட்டியல்கள் ஒரு வரி தள்ளிப்போயிருந்தன. அட்டவணையின் தலைப்பு வரியைக் கணக்கில் கொண்ட விதத்தில் வந்த கோளாறு. விளைவு, ஒரு மரபணுவின் பெயருக்கு நேரே பக்கத்து மரபணுவின் எண். சில இடங்களில் ‘மசியும்’, ‘மசியாது’ என்ற அடையாளங்களே தலைகீழாகக் கிடந்தன. உயிரியல் விளக்கத்துக்கு வசதியாக இருந்த சில மரபணுக்கள் அவர்களுடைய கணக்கிலிருந்து வரவே வரவில்லை. அவற்றில் இரண்டுக்கான அளவீடு அவர்கள் பயன்படுத்திய சில்லிலேயே கிடையாது. இடைச்செருகல்!

பாடபேதம் என்றால் நாம் அடிக்குறிப்பு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இங்கே அடையாளம் தலைகீழானால், எந்த மருந்து கேட்காதோ அதையே நோயாளியின் நரம்பில் ஏற்றுவார்கள். டியூக்கில் 2007இலிருந்து இந்தக் கையொப்பங்களை நம்பி மூன்று சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. நுரையீரல், மார்பகப் புற்றுநோயாளிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அவற்றில் சேர்ந்தார்கள்.

2007இல் இருவரும் அதே ‘நேச்சர் மெடிசி’னுக்குக் கடிதம் எழுதினார்கள். சின்னப் பிழைகள், திருத்திவிட்டோம், முடிவு மாறவில்லை என்று பதில் வந்தது. 2009இல் முழு விவரத்தோடு அவர்கள் எழுதிய கட்டுரை ஒரு புள்ளியியல் இதழில் வெளியாயிற்று. மருத்துவர்கள் புரட்டிப்பார்க்கிற இதழல்ல அது. சோதனைகள் நிறுத்தப்பட்டன. பல்கலைக்கழகம் வெளியாட்களை வைத்து ஆராய்ந்தது. பேகர்லி அனுப்பிய புதிய ஆட்சேபங்கள் அந்த ஆய்வாளர்கள் கைக்குப் போகவில்லை. 2010 தொடக்கத்தில் சோதனைகள் மறுபடி ஆரம்பித்தன!

கடைசியில் கவிழ்த்தது கணக்கும் அல்ல. அனில் போட்டி தனக்கு ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்ததாக எழுதியது பொய் என்று 2010 ஜூலையில் ‘தி கேன்சர் லெட்டர்’ என்ற செய்தி இதழ் வெளியிட்டது. அப்புறம்தான் எல்லாம் சரிந்தது. சோதனைகள் நின்றன, அவர் பதவி விலகினார், கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆய்வுத் தரவுகளில் பொய் கலந்திருக்கிறது என்று அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் 2015இல் முடிவு சொன்னது. அவர் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. மூன்று வருஷம் எண்கள் கத்தியது கேட்காத நிறுவனத்துக்கு ஒரு சுயவிவரக் குறிப்பு கேட்டது. நிறுவனங்கள் உண்மையை வாசிப்பதில்லை, மானத்தைத்தான் வாசிக்கின்றன.

இன்னொரு தகவலும் 2015இல்தான் வெளியே வந்தது. அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த மருத்துவ மாணவர் ஒருவர் 2008லேயே இந்தக் கணக்கு சரியில்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள். உள்ளிருந்து பார்த்தவனுக்கும் வெளியிலிருந்து பார்த்தவனுக்கும் ஒரே பிழை தெரிந்திருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் அறிய வழியில்லாமல் வைத்திருந்ததுதான் அதிகாரம்.

பேகர்லியின் கோரிக்கை எளிமையானது: மூலத் தரவைக் காட்டு, எந்த நிரலால் கணக்குப் போட்டாயோ அதையும் காட்டு. தங்கள் அறிக்கைகளில் எழுத்தையும் நிரலையும் ஒரே கோப்பில் வைத்து, யார் வேண்டுமானாலும் மறுபடி ஓட்டிப்பார்க்கும்படி அவரும் கூம்ப்ஸும் வெளியிட்டார்கள். நம்பிக்கையைக் கேட்கவில்லை, சரிபார்க்கச் சொன்னார்கள். வெளி ஆய்வாளர்களின் அறிக்கையே அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழியாகத்தான் வெளிவந்தது. 2005லிருந்து தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்திருக்கிற நமக்கு இதன் அர்த்தம் விளங்காமல் போகாது.

‘எல்லாமே பிரதிதான்’ என்று சொல்வது சுலபம். சரி, பிரதிதான். அப்படியானால் வரி வரியாக வாசிக்க வேண்டாமா? அறிவியலை நிராகரிப்பவனால் அந்த ஒரு வரித் தள்ளலைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அறிவியலை வணங்குபவனும் கண்டுபிடித்திருக்க மாட்டான். விமர்சனம் என்பதை நான் இந்த உழைப்பின் பெயராகவே இனி புரிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த அட்டவணையின் ஒவ்வொரு தவறான வரிக்கும் மறுமுனையில் படுக்கையில் ஓர் உடல் இருந்தது.